கடலும் நம் கரையும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கடலின் குணம் மாறியிருக்கின்றதா என்னும் விஷயத்தைப் பற்றி இன்று பேசும்படி நிர்வாகத்தார் எம்மைப் பணித்திருக்கின்றனர். இது கற்றறிந்த சாஸ்திரிகள் பேச வேண்டிய விஷயம். எமக்குள்ள தகுதி, அறுபது வருஷத்திற்கு மேலாகக் கடலை விட்டு ஒரு கூப்பிடு தூரத்திற்கு அப்பால் குடியிருந்ததில்லை என்பது ஒன்றேயாகும். அன்றியும், இன்று மாலை வாக்குக்கு வரவிருக்கும் தீர்மானம், அஃதாவது சங்கக் கட்டடத்தையும் கலியாண மண்டபத்தையும் கரையோரத்து நிலத்திலேயே எழுப்ப வேண்டும் என்ற தீர்மானம், இவ்விஷயத்தோடு நெருங்கிய சம்பந்தமுடையது. அதைக் குறித்து எமது அபிப்பிராயம் உங்களிற் சிலருக்குக் கசக்கக்கூடும். ஆகவே முதலில் கண்டதையும் கேட்டதையும் சொல்லி, பின்னர் மண்டபத்திற்கு வருகின்றோம்.

நம் பரதகுலத்து முன்னோர்க்குக் காற்றே கடிகாரம், காற்றே பஞ்சாங்கம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டு, நீரோட்டத்தை நீவாடு என்று வழங்கி, இன்ன மாதத்தில் இன்ன காற்று, அக்காற்றுக்கு இன்ன நீவாடு, அந்நீவாட்டுக்கு இன்ன மீன், அம்மீனுக்கு இன்ன வலை என்று ஒன்றோடொன்றைப் பிணைத்து வைத்திருந்தனர். எழுத்தறியாத பாட்டனார் ஒருவர் விடியற்காலையில் மணலில் நின்று மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்துவிட்டு, 'இன்று வேண்டாம்' என்றால் வேம்பார் முதல் மணப்பாடு வரையில் அச்சொல்லைத் தட்டுவார் இல்லை. அவர் சொல் பலித்ததற்குக் காரணம் மந்திரமன்று. ஐம்பது அறுபது வருஷத்துக் காற்று அவர் ஞாபகத்தில் அடுக்கியிருந்தது. வரும் காற்றும் பெரும்பாலும் அவ்வடுக்கிற்குள்ளேயே வந்தது.

இன்று அப்பிணைப்புக் கழன்றிருக்கின்றது. வாடை ஒரு வருஷம் ஐப்பசித் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றது. மறு வருஷம் கார்த்திகை பாதி கழிந்தும் முகங்காட்டக் காணோம். சோழகம் ஓய்ந்த பிறகும் வாடை வாராது, நடுவே காற்றே அற்றுக் கடல் எண்ணெய்போற் கிடக்கும் நாட்கள் நீண்டிருக்கின்றன. காற்று முற்காலத்திலும் ஆண்டுக்கு ஆண்டு சற்றே முன்பின்னாக வந்ததுண்டு. அதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அக்காலத்துப் பெரியவர்கள் அம்மாறுதலை நாலைந்து நாளைக்கு முன்னரே உணர்ந்து சொல்லினர். இக்காலத்துப் பெரியவர்களோ, அதே கூர்மையும் அதே அனுபவமும் உடையவர்களாயிருந்தும், 'எங்கள் கணக்கு இப்போது ஒத்து வரவில்லை, தம்பி' என்று கையை விரிக்கின்றனர். எம்மை அதிகம் கலங்கச் செய்வது இதுவே. அறிவுடையவர்களுக்குத் தங்கள் அறிவின்மேல் நம்பிக்கை தளர்ந்தால், இளைஞர்கள் யாரிடம் கேட்பார்கள்?

இரவின் உஷ்ணத்தைப் பற்றித் தாய்மார்கள் எம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். எமது இளமையில் சித்திரை வைகாசியிலும் கடற்கரை மணலிற் பாய் விரித்துப் படுத்தால் பின்னிரவிற் போர்வை தேடுவோம். இன்று விடியற்காலையிலும் முதுகில் வேர்வை காய்வதில்லை.

மீனைப் பற்றி ஒரு விஷயம். மலையாளத்தார் மத்தி என்றும் நம்மவர் பேச்சாளை என்றும் சொல்லும் மீன், 1980-களின் இறுதி வரையில் பெரும்பாலும் மேலைக் கரைக்கே உரியதாயிருந்தது. அதன் பின்னர் அது குமரிமுனையைச் சுற்றிக் கீழைக் கரையிலும் பெருவாரியாகப் பட்டு வருகின்றது. கொச்சியில் தலைமையிடமுடைய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதனை ஆராய்ந்து, நீர் வெம்மையுற்றதோடு இணைத்துக் கூறியிருக்கின்றனர். புதிய மீன் நம் வலைக்கு வந்ததென்று மகிழ்வார் மேலைக் கரையையும் ஒருகால் நோக்க வேண்டும். கேரள தேசத்தில் 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் பிடிபட்ட மத்தி, 2021-இல் 3,500 டன்னுக்கும் குறைந்து போயிற்று. இதற்குக் குஞ்சு மீனை அள்ளிய பேராசையும் ஒரு காரணமென்பர். எனினும், ஒரு கரைக்குக் கிடைத்த மீன் மறு கரையின் நஷ்டத்தோடு வருமாயின், அது நிலைத்த வரவென்று எண்ணிக் கடன் வாங்கி வலை கட்டுவது புத்திசாலித்தனமாகாது.

கரையிலிருப்போர் காணாததைக் கடலுள் மூழ்குவோர் கண்டிருக்கின்றனர். முத்துக் குளித்தல் நம் பக்கத்தில் 1961-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டதாயினும், சங்கு குளிப்போர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். பார்களைத் தங்கள் வீட்டுத் திண்ணையைப்போல் அறிந்தவர்கள் அவர்கள். 2016-ஆம் வருஷக் கோடையில் அவர்களிற் சிலர் எம்மிடம் வந்து, பவளப் பாறைகள் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடக்கின்றன என்று சொல்லினர். மன்னார் வளைகுடாவில் இவ்வண்ணமே 1998-இலும் 2010-இலும் நேர்ந்தது. பவளம் கல்லன்று, உயிர். அதன் உடலுள் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றது; பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அப்பாசியினுடையதே. நீரின் உஷ்ணம் 31 பாகையைக் கடந்து பல வாரம் நிற்குமாயின், பவளம் அப்பாசியை வெளியே தள்ளிவிடுகின்றது. நீர் விரைவிற் குளிர்ந்தால் பாசி திரும்பும். குளிராவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். பார் மடிந்தால் அதை அண்டி வாழும் மீன் எங்கே போகும் என்பதை இச்சபைக்கு யாம் சொல்லித்தர வேண்டுவதில்லை.

இவ்வளைகுடாவிலுள்ள 21 தீவுகளுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டும் கடலுள் அமிழ்ந்துவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான்தீவும் தேய்ந்து போகவே, 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையின் வேகத்தைத் தடுத்து வருகின்றனர். 'கடல் உயர்ந்தது, தீவு மூழ்கியது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார் உளர். அது முழு உண்மையன்று. சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பல்லாண்டுகள் இத்தீவுகளைச் சூழ்ந்த பவளம் வெட்டப்பட்டது. அலையைத் தாங்கி நின்ற மதில் இடிக்கப்பட்ட பிறகு வீடு நிற்குமா? உயர்ந்த கடல், இடித்த மதிலின் வழியே புகுந்தது என்பதே பொருந்தும்.

இவ்வாறு இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு மிகவும் அவசியம். கரை அரிப்பெல்லாம் பருவமாற்றத்தின் வேலையென்று சிலர் கூறுகின்றனர். துறைமுகமும் கற்சுவரும் கட்டினவர்களுக்கு அது மிக வசதியான வாதமாகும். வானத்தின்மேல் வழக்குத் தொடுப்பார் யார்? சென்னையைப் பாருங்கள். சோழமண்டலக் கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நடக்கின்றது. வாடைக் காலத்தில் சில மாதம் தெற்கே திரும்புகின்றது. மொத்தத்தில் வடக்கு நோக்கிய நடையே அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சென்னைத் துறைமுகத்திற்கு அலைதாங்கிச் சுவர்கள் எழுப்பினர். 1881-ஆம் வருஷத்துப் புயல் அவற்றை உடைத்தும், மீண்டும் கட்டினர். தெற்கே வந்த மணல் தடைபட்டுத் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து இன்றி இராயபுரத்துக் கரை கரைந்தது. புதுச்சேரியில் 1980-களின் பிற்பகுதியில் கட்டிய துறைமுகச் சுவர்களால் நகரத்தின் மணற்கரையே மறைந்து கருங்கற் குவியல் மிஞ்சிற்று. 2018-இல் கடலினுள் அமிழ்த்திய செயற்கைத் திட்டினால் ஒரு பகுதி மணல் மீண்டது. இவற்றிற்குக் காரணம் மனிதர் இட்ட கல்லே. ஓர் ஊரார் தங்கள் கரையைக் காக்கத் தூண்டில் வளைவு கேட்டு வாங்குமுன், அடுத்த ஊரின் மணல் என்னாகும் என்று கேட்பது தர்மம். அடுத்த ஊரில் இருப்பவரும் நம் சம்பந்திகளே அல்லரோ?

2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையையும் சிலர் இக்கணக்கிற் சேர்க்கின்றனர். அது சுமத்திரா அருகே கடலடியில் நேர்ந்த பூகம்பத்தின் விளைவு. பருவத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

அப்படியானால் பருவமாற்றத்திற்கு உரிய பங்குதான் யாது? சாஸ்திரிகள் அளந்து கூறுவதைச் சுருக்கிச் சொல்கின்றோம். நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததனால், கைத்தொழில் யுகத்திற்கு முன் காற்றில் பத்து லட்சத்திற்கு 280 பங்காயிருந்த கரியமிலவாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. அது போர்வைபோல் உலகத்தின் சூட்டை வெளியே விடாது தடுக்கின்றது. அவ்வாறு மிகுந்த சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலே விழுங்கியிருக்கின்றது. மத்திய சர்க்காரின் புவி அறிவியல் அமைச்சகத்தார் 2020-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 1951 முதல் 2015 வரையில் இந்துமகா சமுத்திரத்தின் வெப்பமண்டலப் பகுதியில் மேல்நீர் சராசரி 1 பாகை சூடேறியிருக்கின்றது. சூடேறிய நீர், உலையிலிட்ட பால்போல் விரிந்து உயர்கின்றது. பனிமலைகள் உருகிய நீரும் வந்து சேர்கின்றது. 1901 முதல் 2018 வரையில் உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர், அஃதாவது ஏறக்குறைய ஒரு சாண், உயர்ந்திருக்கின்றது. ஒரு சாண்தானே என்று இகழற்க. ஐம்பது சாணுக்கு ஒரு சாண் ஏறும் சாய்வான மணற்கரையில், நீர் ஒரு சாண் உயர்ந்தால் அலைக்கோடு ஐம்பது சாண் உள்ளே வரும். ஐம்பது சாண் என்பது, நம் தெருக்களிற் பலவற்றிற்கு ஒரு வள்ளம் ஏற்றி வைக்கும் இடம்.

புயலைக் குறித்துச் சற்று விரிவாகவே பேச வேண்டும். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடி அழிந்ததும், பயணிகளோடு வந்த ரயில் கடலுட் போனதும், யாம் சிறு பிள்ளையாயிருந்தபோது கேட்டு நடுங்கியவை. ஆதலால் பெரும்புயல் இக்காலத்தில்தான் தோன்றிற்று என்று யாம் சொல்லவில்லை. மாறியிருப்பது அதன் வேகமான வளர்ச்சி. வெந்நீர் புயலுக்கு நெய்போன்றது. 2017 நவம்பர் 29-ஆம் நாள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாயிருந்தது, மறுநாளே ஒக்கி என்னும் புயலாய் எழுந்தது. கரையிலிருந்தவர்களுக்கு எச்சரிக்கை வந்தது. பல நாட்களுக்கு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த குமரி, திருவனந்தபுரம் பக்கத்து மீனவர்களுக்கு அதைக் கொண்டு செல்ல ஒரு வழியும் இருக்கவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. உடலும் கிட்டாத வீடுகளில், இறப்புச் சான்று பெறுவதற்கே பெண்கள் அலைந்த அலைச்சலை இச்சபையிற் பலர் நேரிற் கண்டிருக்கின்றீர்கள். முற்காலத்துப் புயல் இரண்டு மூன்று நாள் முன்னதாக மேகத்திலும் அலையிலும் அடையாளம் காட்டி வந்தது. கடலிலுள்ளவன் பாயைத் திருப்பிக் கரை சேர அவகாசம் இருந்தது. ஒரே நாளில் எழும் புயலுக்குப் பாட்டனார் மூக்கும் உதவாது. அப்படகில் கரையோடு பேசும் கருவி இருத்தல் வேண்டும். அஃதின்றி ஆழ்கடலுக்குப் புறப்படும் பிள்ளையைத் தாய் தடுத்தாலும் குற்றமில்லை.

மழையும் அவ்வாறே. காற்று 1 பாகை சூடேறினால் நூற்றுக்கு 7 பங்கு அதிக நீராவியைச் சுமக்கும். சுமந்ததை ஓரிடத்திற் கொட்டும். 2023 டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் நம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி ஜில்லாவில் சாதாரணமாக ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையினும் இது மிகுதி. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளும் வழியின்றி நின்றனர். உப்பளங்களில் குவித்திருந்த உப்பு பாத்தியோடு கரைந்தது. மழைக்கு ஏங்கும் பூமி என்று பெயரெடுத்த நம் நாட்டில், மழைக்கு அஞ்சிப் பெட்டி படுக்கைகளைப் பரணில் ஏற்றும் காலம் வந்தது விந்தையே.

இனி, எதிர்வாதம் ஒன்றுண்டு; அதை இச்சங்கத்துப் பெரியவர் ஒருவர் நேற்று எம்மிடம் நன்கு எடுத்துரைத்தார். 'கடல் என்றும் ஓரிடத்தில் நின்றதில்லை. கொற்கை ஒருகாலத்திற் பெருந்துறைமுகம்; இன்று கடலை விட்டுச் சில மைல் உள்ளே கிடக்கின்றது. அதன் பின்னர்ப் பழைய காயலும் துறையாயிருந்து தூர்ந்தது. கடல் போகும், வரும். நாம் இருந்துகொண்டே இருப்போம்' என்றார். சரித்திரம் சரியே. கொற்கையைக் கடலினின்றும் பிரித்தது தாமிரபரணி கொணர்ந்த வண்டல். அந்த நாளில் ஆறு மண்ணைக் கொண்டுவந்து கரையை வளர்த்தது. மக்கள் கரையின் பின்னே தொடர்ந்து சென்று புன்னைக்காயல் முதலிய ஊர்களில் அமர்ந்தனர். இன்று ஆற்றின் குறுக்கே அணைகள் நிற்கின்றன. ஆற்று மணல் லாரியிற் போகின்றது. கரைக்கு வரும் மண் குறைந்து, ஏறிவரும் நீர் கூடியிருக்கின்றது. கொற்கையார் முன்னோக்கி நகர இடமிருந்தது. நாம் பின்னோக்கி நகர வேண்டுமாயின், பின்னே இருப்பது பிறருடைய உப்பளமும் பனந்தோப்பும் நெடுஞ்சாலையும் ஆகும். இந்த வேற்றுமையை அப்பெரியவர் கருத வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கின்றோம்.

நம்மவர் அறிவை உலகம் மதிக்கவில்லை என்று மனம் சோர்வாரும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. காற்றும் மழையும் இன்றி, தெளிந்த வானத்தின்கீழ், திடீரென்று கடல் பொங்கிக் கரையேறி வீட்டுக்குள் வருவதைக் குமரிக் கரையாரும் மலையாளக் கரையாரும் கள்ளக்கடல் என்பர். திருடன்போல் வருவதால் அப்பெயர். தென்கடலில் நெடுந்தொலைவில் அடித்த புயலின் அலை, பல நாள் பயணஞ்செய்து நம் கரையில் ஏறுவதே அது என்று சாஸ்திரிகள் கண்டனர். மீனவர் வைத்த அப்பெயரையே 2012-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபையாரும் ஏற்றுக்கொண்டனர். இன்று ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் நிலையத்தார் விடுக்கும் எச்சரிக்கையிலும் அச்சொல்லே வருகின்றது. அவ்வெச்சரிக்கையை நம் வீடுகளில் எத்தனை பேர் கேட்கின்றனர் என்பது வேறு விஷயம். கள்ளக்கடல் பண்டு தொட்டு உள்ளதே. ஆயினும் ஒரு சாண் உயர்ந்த கடலின்மேல் ஏறிவரும் கள்ளன், முன்னர்த் தாண்டாத வாசற்படியைத் தாண்டுகின்றான்.

இனி மண்டபம். கரையோரத்துச் சங்க நிலத்தை யாம் சென்ற தைப் பௌர்ணமியன்று, நிர்வாகத்தார் இருவர் உடனிருக்க, நூல் பிடித்து அளந்தோம். பத்திரத்தில் கீழெல்லைக் கல்லுக்கும் கடலுக்கும் 210 அடி என்று கண்டிருக்கின்றது. பத்திரம் எழுதி ஐம்பது வருஷமாகவில்லை. இப்போது ஏற்றத்தின்போது உள்ளது 124 அடி. இதில் எவ்வளவு கற்சுவரின் பங்கு, எவ்வளவு உயர்ந்த கடலின் பங்கு என்று எம்மாற் பிரித்துச் சொல்ல இயலாது. மண்டபத்தின் அஸ்திவாரத்திற்கு அது தெரிய வேண்டுவதும் இல்லை. கிணற்று நீரும் அங்கே உவர்த்துவிட்டது. பந்திக்குத் தண்ணீர் லாரியில் வரவேண்டும்.

'நாம் கரையை விட்டு உள்ளே சென்றால், கரையைப் பிறர் கொள்வர். விடுதி கட்டுவோர் காத்திருக்கின்றனர்' என்று இளைஞர்கள் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் மிக நியாயமானது. இதை அலட்சியம் செய்யும் எந்த ஆலோசனையையும் யாம் ஆதரியோம். ஆதலால் கரை நிலத்தில் ஒரு சென்டுகூட விற்கலாகாது. வள்ளம் ஏற்றவும், வலை பொத்தவும், மீன் உலர்த்தவும், ஏலம் கூறவும் அது வேண்டும். அங்கே கூரைக் கொட்டகை போதும். அலை கொண்டுபோனால் மறு மாதம் வேய்ந்துகொள்ளலாம். பல லட்சம் விழுங்கும் கட்டடம் மட்டும், நம் சங்கத்திற்கே உரிய பனங்காட்டு மேட்டு நிலத்தில் அமையட்டும். இரண்டடுக்காகக் கட்டி, மேல்தளத்திற்கு அகன்ற படி வைத்து, நல்ல நீர்க் கிணறும் தோண்டினால், கலியாணம் இல்லாத நாளில் புயலுக்கும் வெள்ளத்துக்கும் நம் குடும்பங்கள் ஒதுங்குமிடமாகும். மணமக்கள் கடலைப் பார்த்து நிற்க வேண்டும் என்பார்க்கு, மேல்தளத்திலிருந்து கடல் நன்றாகவே தெரியும்.

மற்றொரு வேண்டுகோள். யாம் இன்று பேசியவற்றுள், அளந்தவர்கள் எழுதி வைத்தவை ஒருபுறம். எமது ஞாபகம் மறுபுறம். ஞாபகத்தைச் சர்க்கார் அலுவலகத்தில் எவரும் சாட்சியாக ஏற்கமாட்டார். ஆகையால் ஊர்தோறும் கடற்குறிப்பேடு ஒன்று தொடங்க வேண்டும். வாடை முதலில் வீசிய நாள், சோழகம் ஓய்ந்த நாள், அமாவாசை பௌர்ணமிகளில் ஏற்றம் எந்தக் கல்லைத் தொட்டது, எந்தக் கிணறு எந்த மாதம் உவர்த்தது, எந்த மீன் எந்த ஆழத்தில் முதலிற் பட்டது, கடலுக்குப் போகாமல் கழிந்த நாள் எத்தனை என்பவற்றைத் தேதியோடு பதிய வேண்டும். பெரியவர்கள் சொல்ல, பள்ளிப்பிள்ளைகள் எழுதட்டும். பெண்கள் கிணற்றையும் மீன் விலையையும் எழுதட்டும். அவ்விரண்டிலும் அவர்கள் கணக்கே சரியாயிருக்கும். முதல் ஐம்பது ஏடுகளை அச்சிடும் செலவை யாமே ஏற்கின்றோம். வரும் ஐப்பசி முதல் நாள் தொடங்கலாம். ஊர்க் கமிட்டிக் காரியதரிசிகள் கூட்டம் கலையுமுன் தங்கள் ஊருக்கு எத்தனை ஏடு வேண்டுமென்று வாசலிலுள்ள மேசையிற் பதிந்து செல்ல வேண்டுகின்றோம்.